நடக்கத் தெரியாத வண்டி

தம்பி,

போன புதன்கிழமை போனில் நீ சொன்னதைக் கேட்டுவிட்டு, "சாப்ட்டியா?" என்று கேட்டேன். அது பதில் இல்லை. வேலையை விட்டு மூன்று வாரம் ஆகிறது என்றாய். உனக்கு மட்டும் சொல்கிறேன் அம்மா என்றாய். கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் கல்யாணம் முடிந்து சொல்லிக்கொள்கிறேன், இப்போது சொன்னால் வீணாகக் கவலைப்படுவாள் என்றாய். குரலில் நடுக்கம் இல்லை. யோசித்து முடிவு செய்தவனின் குரல். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்தக் குரலில் நானும் ஒரு காலத்தில் பேசியிருக்கிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினொரு நாள். போனில் சொன்னால் நீ இடையில் பேசுவாய். அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கும் அப்பாவுக்கும் கல்யாணமாகி இரண்டாம் வருடம். நீ இல்லை. காரைக்காலில் வாடகை வீடு, கடலிலிருந்து கூப்பிடு தூரம். நான் கல்லூரியில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர். அப்பா மேரியில் எழுத்தர். முனிசிபல் ஆபீஸுக்கு எங்கள் தெருவில் அப்போது அதுதான் பெயர். அவர் ஊர் எல்லையில் இருக்கிற பூவத்தில் நெல் விளைவிக்கிற குடும்பம். மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். சைக்கிள் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது, இன்றுவரை. என் தந்தை இறந்தபோது அவருடைய பழைய பியட் கார் எனக்கு வந்தது. அதை ஓட்டவும் பிரித்து மாட்டவும் அவரிடமே கற்றிருந்தேன். பெட்ரோல் குடிக்கிற அளவுக்கு ஆயிலும் குடிக்கும். தெருமுனை திரும்பினால் பின்னால் நீலப்புகை. கொசு மருந்து வண்டி என்று நினைத்து ஜன்னலைச் சாத்துவார்கள். அதனால் அதைச் செங்கல் மேல் ஏற்றி நிறுத்திவிட்டோம்.

அப்போதுதான் உன் அத்தைக்கு மாப்பிள்ளை அமைந்தது. அத்தைக்கு அப்பா இல்லை. உன் அப்பாதான் அந்த இடத்தில் நின்றார். நிச்சயம் பேசுகிற அன்று மாப்பிள்ளையின் அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வெற்றிலையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். "பெரியவனுக்குப் பொண்ணு வீட்டுல சொந்தக் கார்லயே அழைச்சாங்க. சின்னவனுக்கு வாடகைக் காருன்னா ஊருல என்ன பேசுவாங்கன்னு யோசிக்கிறேன்." அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்க வீட்டுக் கார்லதாங்க அழைக்கிறோம்." அந்தக் கார் அப்போது செங்கல் மேல் இருந்தது. வெளியே வந்ததும் என்னைப் பார்த்தார். "டீச்சர், நாலு மாசம் இருக்கு. ஓட வச்சிருவியா?" அவர் கொடுத்த வாக்கை நான்தான் காப்பாற்ற வேண்டும். எனக்குப் பயமே இல்லை. சந்தோஷமாக இருந்தது.

கிளிஞ்சல்மேட்டில் படகு எஞ்சின் தூக்குகிறவர்களிடம் சங்கிலிக் கப்பி வாங்கி வந்து, வாசல் பூவரச மரத்தில் கட்டி, எஞ்சினைத் தூக்கினோம். வெளியே வைத்துப் பிரிக்க முடியாது. கடற்காற்றில் மணல். ஒரு மணல் போதும், புது சிலிண்டரைக் கீறிவிடும். மூங்கில் கட்டி நான்கு பேர் சப்பரம் தூக்குவதுபோல் தூக்கிக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். நான்கு மாதம் கூடத்தின் நடுவில் அது இருந்தது. விருந்தாளிகள் அதைச் சுற்றி உட்கார்ந்து காபி குடித்தார்கள். வால்வுகள் எட்டு. எது எந்தக் குழியிலிருந்து வந்ததோ அதிலேயே திரும்பப் போக வேண்டும். நாலு குழி இட்லித் தட்டு இரண்டு எடுத்தேன். கணக்குச் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு எத்தனை முறை தேய்த்தாலும் எங்கள் வீட்டு இட்லியில் மண்ணெண்ணெய் வாசம். அப்பா சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கு மூணாவது வால்வு கொஞ்சம் வேகல" என்பார்.

அவர் ஆபீஸிலிருந்து வந்து, கைலி மாற்றிக்கொண்டு, "எனக்கு என்ன வேலை?" என்று நிற்பார். வால்வைத் தேய்க்கிற வேலையை அவரிடம் கொடுத்தேன். ரப்பர் மூக்கு வைத்த ஒரு குச்சி. வால்வின் தலையில் ஒட்டவைத்து, அடியில் பசை தடவி, மோர் கடைவதுபோல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும். கரகரவென்ற சத்தம் மெல்ல வழவழப்பாக மாறும். மாறிய அந்தக் கணத்தை அவர் என்னைவிடச் சரியாகக் கேட்டார். "நின்னுருச்சு. கேட்டியா?" என்பார். கேட்டேன் என்பேன். சில சமயம் கேட்டிருக்காது. எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்கிற வேலை இருந்தது. தம்பி, ஒருவரோடு வாழ்வது பற்றி எனக்குத் தெரிந்த நல்ல விஷயங்களில் பாதி அந்தக் கூடத்துத் தரையில் தெரிந்துகொண்டது. மீதிப் பாதியையும் அதே எஞ்சின்தான் சொல்லிக் கொடுத்தது. அது நான் செய்த தப்பு வழியாக.

எதிர்வீடு சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை நம் ஊரில் சொல்தா என்பார்கள், உனக்குத் தெரியும். அவர் மகன் பிரான்சில் ஒரு கார் பட்டறையில் வேலை. லீவில் வரும்போது தெருவே அவனிடம் சென்ட் பாட்டில் கேட்கும். நான் முந்தைய லீவில் வந்தபோது காருக்கு வேகம் கூட்டுகிற டர்போ கேட்டிருந்தேன், விளையாட்டாக. அவன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தத் தடவை வரும்போது, மோதி நசுங்கிப்போன ஒரு காரிலிருந்து கழற்றி, பனியன்களில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டான். "அக்கா, இத ஏர்போர்ட்ல விளக்குறதுக்குள்ள எனக்கு வேர்த்துப்போச்சு. கடைசில மாவு மிஷின் சாமான்னு சொல்லிட்டேன்." முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு நத்தைகள்போல் இருந்தது. நடுவில் ஒரே தண்டு, இரண்டு முனையிலும் சக்கரம். எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். மறுமுனைச் சக்கரம் காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும். வீணாகப் போகிற மூச்சைப் பிடித்து வேலை வாங்குவது. இரண்டு நாள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். விரலால் சுண்டினால் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அப்பா அதை வாங்கிப் பார்த்தார். "ஊதுகுழல் மாதிரியா?" "அதே மாதிரிதாங்க." சிரித்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கல்யாணம் முடியட்டும். அப்பறம் எதை வேணாலும் மாட்டு. இப்ப ஓடுனாப் போதும். தங்கச்சி கல்யாணம், விளையாடக் கூடாது." "சரிங்க" என்றேன்.

எஞ்சின் காருக்குள் திரும்பப் போனது. ஓடியது. புகை இல்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு அப்பா பத்திரிகை வைக்க ஊர் ஊராகப் போனார், மூன்று நாள். அவர் பஸ் ஏறியதும் நான் எதிர்வீட்டுக்குப் போய் அவனை அழைத்து வந்தேன். எஞ்சின் மூடிக்கு அடியில் வைக்க, செப்புத் தகட்டில் தடிமனான கேஸ்கெட் ஒன்றைப் பாத்திரக்காரரிடம் வெட்டி வாங்கினோம். கார்புரேட்டரை இடம் மாற்றினோம். புகைக்குழாயை வெட்டிப் பற்றவைத்தோம். பழைய பிரேக் குழாய் ஒன்றை வளைத்து டர்போவுக்கு ஆயில் கொடுத்தோம். மூன்றாம் நாள் மாலை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தகரத்தை வளைத்து மூடி, கறுப்பு பெயின்ட் அடித்தேன். அந்தத் தகரத்துக்கு எஞ்சினில் எந்த வேலையும் இல்லை. அது அப்பாவின் கண்ணுக்காக. அவர் திரும்பி வந்து வண்டிச் சத்தம் கேட்டார். காது நல்ல காது. "என்ன, விசில் அடிக்குது?" "புது எஞ்சின்னா அப்படித்தாங்க இருக்கும்." ஒரு பொய் தனியாக நிற்பதில்லை. பக்கத்தில் இன்னொன்றை நிற்கவைக்க வேண்டியிருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று பின்னால் நிறைய யோசித்திருக்கிறேன். அவர் திட்டுவார் என்ற பயமில்லை. திட்டத் தெரியாத மனிதர். அடுத்த நாள் காலையில் பூவம் சாலையில் தனியாக ஓட்டிப் பார்த்தபோது, மூன்றாவது கியரில், முதுகை யாரோ உள்ளங்கை வைத்துத் தள்ளியதுபோல் வண்டி பாய்ந்தது. வாய்விட்டுச் சிரித்தேன், ஆளில்லாத சாலையில். இதை அவருக்குக் கல்யாணம் முடிந்ததும் காட்ட வேண்டும், அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அதுவரை எதற்கு அவருக்குக் கவலை. பார், நீ சொன்ன அதே வார்த்தை. வீணாகக் கவலைப்படுவாள். அவருடைய கவலையை அவருக்குப் பதிலாக நானே எடுத்து ஒளித்துவைத்தேன். அன்பு என்று பெயர் வைத்தேன். அதில் அன்பும் இருந்தது. அதனால்தான் தப்பு என்று கண்டுபிடிக்க எனக்கு நேரமாயிற்று.

மாப்பிள்ளை அழைப்பு. மாலை, வெயில் முழுதாக இறங்கவில்லை. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை. வண்டி முழுக்கச் சாமந்தி. பின் சீட்டில் மாப்பிள்ளை, அதாவது உன் மாமா, கோட்டு, கழுத்தில் ரோஜா மாலை. ஓட்டுவது நான். அவருடைய அம்மா ஒருமுறை என்னையும் ஒருமுறை வண்டியையும் பார்த்துவிட்டு, "பொம்பளையா ஓட்டப்போறா?" என்று பொதுவாகக் காற்றிடம் கேட்டார். காற்று பதில் சொல்லவில்லை. முன்னால் நாகஸ்வரம், தவில். வண்டி அவர்கள் பின்னால் நடக்க வேண்டும். ஆமாம், நடக்க. ஒவ்வொரு தெருமுனையிலும் நிற்க வேண்டும். அவர்கள் வண்டிப் பக்கம் திரும்பி மாப்பிள்ளைக்காக முழுசாக வாசித்துவிட்டுத்தான் நகர்வார்கள். மூன்றாவது முனையில்தான் எனக்கு உறைத்தது. நான் இந்த வண்டியை ஓட்டிப் பார்த்தேன். நடத்திப் பார்க்கவில்லை. இயற்பியல் படித்தவள். மாப்பிள்ளை கார் மணிக்கு எத்தனை மைல் போகும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

ஓடினால் முன்னாலிருந்து காற்று அடிக்கும், எஞ்சின் ஆறும். நின்றால் டர்போ அடுப்புக்கட்டி மாதிரி. அந்தச் சூடு முழுவதும், என் தகரத்துக்கு அடியில், எங்கும் போக வழியில்லாமல். வெப்பமானியின் முள் ஏறியது. ரேடியேட்டர் சீறியது. தவில்காரர் வாசித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். எஞ்சின் இரண்டு முறை இருமியது. இன்னும் ஐந்து நிமிடம். அப்புறம் நின்றுவிடும். சொந்தக் காரில் அழைக்கிறோம் என்று சொன்ன மனிதர் வண்டியின் ஜன்னலில் கை வைத்து, பட்டு வேட்டியில், எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு, பக்கத்தில் நடந்துவருகிறார். அத்தை மண்டபத்து மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்னங்க." குனிந்தார். "அந்த ஊதுகுழல மாட்டிட்டேன்."

"எப்ப?"

"நீங்க பத்திரிகை வைக்கப் போனப்ப."

அவர் முகத்தைப் பார்த்தேன். நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அதில்லை. கோபம் இல்லை. கூட்டத்தில் கைப்பிடித்து வந்தவரைத் திடீரென்று காணோம் என்றால் ஒருவர் எப்படிப் பார்ப்பார், அப்படி. ஒரு நொடி. பிறகு கேட்டார், "இப்ப என்ன செய்யணும்?"

"வேகமா ஓட்டணும். ஓடுனாத்தான் ஆறும். நடந்தா செத்துரும்."

"எவ்ளோ தூரம்?"

"பூவம் வரைக்கும் போயிட்டு வந்தாப் போதும்."

நிமிர்ந்தார். முன்னால் போய் நாகஸ்வரக்காரரின் தோளைத் தொட்டார். "அண்ணே, இங்கேயே நின்னு ஒரு அரை மணி நேரம் வாசிங்க. நல்லா வாசிங்க." பிறகு மாப்பிள்ளையின் அம்மாவிடம் கைகூப்பினார். "எங்க வீட்டு வழக்கம் ஒண்ணு இருக்குங்க. மாப்பிள்ளைக்கு எல்லை காட்டிட்டு வரணும். பொண்ணு பொறந்த ஊரு எல்லை. அதுக்கப்பறந்தான் மண்டபம்." அப்படியொரு வழக்கம் உலகத்தில் எங்கும் கிடையாது. அந்த அம்மா சந்தேகமாகப் பார்த்தார். "யாரு கூட்டிட்டுப் போவா?" "அண்ணிதாங்க கூட்டிட்டுப் போகணும். அது மொறை."

கூட்டம் விலகியது. "தம்பி, கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்றேன் உன் மாமாவிடம். "எதுக்குக்கா?" என்றார். ஊர் தாண்டியதும் எதுக்கு என்று தெரிந்துவிட்டது. சாமந்திச் சரங்கள் பிய்ந்து பின்னால் பறந்தன. இரண்டு பக்கமும் வயல். விசில் சத்தம் மேலே, இன்னும் மேலே. முள் இறங்கியது. கண்ணாடியில் பார்த்தேன், மாப்பிள்ளை மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, சின்னப் பையன் மாதிரி கண்ணை மூடியிருந்தார். பூவம் செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். நம் ஊரிலிருந்து வேகமாக வருகிற வண்டியை அங்கே நம்பமாட்டார்கள். நம் ஊர் மலிவுச் சாராய பாட்டில் இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். "எறங்குங்க. டிக்கியத் தொறங்க." டிக்கியில் ஒரு குடம் தண்ணீர். போலீஸ்காரர் உள்ளே குனிந்து மாப்பிள்ளையைப் பார்த்தார். "என்ன தம்பி, கல்யாணத்துலேருந்து ஓடுறீங்களா?" "இல்லண்ணே. எல்லை பாக்க வந்தோம்." "எந்த எல்லை?" "இதான்." அவர் என்னைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், சாலையை மறித்திருந்த மூங்கிலைப் பார்த்தார். "பாத்தாச்சுல்ல? திரும்புங்க."

திரும்பினோம். முனையில் நாகஸ்வரம் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. எதிர்பாராத அரை மணி கிடைத்ததில் அவர்கள் உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள், தெருவே நின்று கேட்டது. மாப்பிள்ளையின் தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. மாலையில் பாதி இதழ் இல்லை. "எல்லை பாத்தாச்சா?" என்று கேட்டார் அவர் அம்மா. "பாத்தாச்சும்மா. ரொம்ப நல்ல எல்லை." மண்டபம் நூறு அடிதான். எஞ்சின் இருமாமல் நடந்தது. இறங்கும்போது அந்த அம்மா என்னிடம் மெதுவாக, "பெரியவன் மாமியார் வீட்டுல இந்த வழக்கமெல்லாம் இல்ல" என்றார். முகத்தில் பெருமை. அது இன்று நம் வீட்டில் நிஜமாகவே வழக்கமாகிவிட்டது. மூன்று மாப்பிள்ளைகள் பூவம் போய்த் திரும்பியிருக்கிறார்கள். எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். இப்போது நீ.

ஊருக்கு முன்னால் அப்பா என்னை விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். கல்யாணம் முடிகிறவரை அவர் எல்லோரிடமும் பேசினார், என்னைத் தவிர. சாவி வேண்டுமென்றால் அத்தையிடம் சொல்லிக் கேட்டார். என் இலைக்குப் பாயசம் வந்ததா என்று மட்டும் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டார். அத்தையை வழியனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தோம். வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். "கழட்டு" என்றார். ஊதுகுழலை எடுத்துவிடச் சொல்கிறார் என்று ஸ்பானரை எடுத்தேன். "அது மட்டும் இல்ல. எல்லாத்தையும் கழட்டு. ஒவ்வொண்ணா எங்கிட்டச் சொல்லிக்கிட்டே மாட்டு. உங்கூட ஒக்காந்து மோர் கடையுற மாதிரி வால்வு தேய்ச்சேன், தெரியாத ஒண்ணு அதுக்குள்ள இருக்கக் கூடாது." அப்போதுதான் நான் என்ன எடுத்துவிட்டேன் என்று புரிந்தது. அந்த எஞ்சின் எங்கள் இருவருடையது. மூன்று நாளில் அதை நான் என்னுடையதாக மட்டும் ஆக்கிவிட்டிருந்தேன்.

மூன்று வாரம். ஒவ்வொரு போல்ட்டும். இது எதுக்கு, இது இல்லாவிட்டால் என்ன ஆகும், இதை யார் கண்டுபிடித்தார்கள். அவர் கேட்டார், நான் சொன்னேன். அந்தத் தகரத்தை எடுத்து, "இது?" என்றார். "இது நீங்க பாக்காம இருக்கறதுக்கு." ரொம்ப நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே முடியவில்லை. "இதுக்குப் பெயின்ட் வேறயாடி?" ஊதுகுழல் அப்படியே இருக்க, தகரத்தை எடுத்ததும் நடக்கும்போது சூடு பாதியாகக் குறைந்தது. சத்தியமாக. வண்டிக்கு நடக்கத் தெரிந்துவிட்டது. மூடாமல் விட்டதால்தான். அந்த மூன்று வாரம் என் வாழ்க்கையின் நல்ல நாட்கள், தம்பி. அதை முன்பே செய்திருக்கலாம். பத்திரிகை வைத்துவிட்டு வந்து அவரும் கூட உட்கார்ந்திருப்பார். தடுத்திருக்கவும் மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அல்லது தடுத்திருப்பார். அந்த உரிமை அவருக்கு இருந்தது.

நீ வேலையை விட்டது தப்பா சரியா என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி இந்தக் கடிதம் இல்லை. அவள் பயப்படலாம். கோபப்படலாம். யோசிக்க நாள் கேட்கலாம். கேட்கட்டும். அவள் முகத்தை நீ முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொண்டு, அந்தப் படத்தோடு பேசிக்கொண்டிருக்காதே.

இதை எழுதி முடித்ததும் ஒட்டாமல் அப்பாவிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். முதல் பத்தியிலேயே கையைத் தூக்கினார். "நிறுத்து. வேலைய விட்டுட்டானா?"

"ஆமாங்க."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"புதன்கிழமை."

"இன்னிக்கு செவ்வாய்."

"ஆமாங்க."

நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தார். "சரி. மொதல்லேருந்து படி. ஒரு வரி விடக் கூடாது." படித்தேன். செக்போஸ்ட் வந்ததும் சிரித்தார். முடிந்ததும், இப்போது நடந்ததையும் எழுதச் சொன்னார்; எழுதுகிறேன், அவரே மடித்து அவரே ஒட்டப் பக்கத்தில் நிற்கிறார். இனி தெரியாதது அவள் ஒருத்திக்குத்தான்.

அம்மா